ஈரம்

சனிக்கிழமை ஆறு மணிக்கு
அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒன்பது பேர் கூடுகிறோம்.
நடந்ததை மட்டும் எழுத வேண்டும்.
எழுதியதை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.
டீக்குப் பத்து ரூபாய் தனி.

முதல் வாரம் ஆற்றை எழுதிக் கொண்டுபோனேன்.
பாபநாசத்தில் இறங்கி முக்கூடல் வரைக்கும்
வரிக்கு வரி தண்ணீர் பாய்ச்சியிருந்தேன்.
மருந்துக்கடை ஆவுடையப்பன்
டாக்டர் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஆறு இருக்கு. நீரு எங்கவே?"

அடுத்த வாரம் என் கல்யாணம்.
தபால் ஆபீஸ் ஜெபராணி கடைசி வரை கேட்டாள்.
"இத்தனை பேரு வாராங்க,
ஒருத்தர்கூட ஒரு தப்பும் செய்யலையே சார்.
யாரை மறைக்கிறீங்க?"

பாப்பாக்குடி தாண்டும்வரை
பஸ்ஸில் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.
அப்புறம் வார்த்தை தீர்ந்துவிட்டது.

ஒரு வாரம் போகவில்லை.

பிறகு எழுதினேன்,
முக்கூடல் பீடிக்கடையில்
இருபத்திரண்டு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்ததை.
கட்டைப் பிரித்து, விரலில் உருட்டி,
தலை கோணல், நூல் தளர்வு, தூள் கம்மி என்று
கழித்ததை அங்கேயே நொறுக்கிவிட வேண்டும்.
நான் நொறுக்கவில்லை.
மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்.
வாரக் கடைசியில் அது
பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்குப் போகும்.
என் பெரியவன் கணக்கு டியூஷன் படித்தது
அந்த டின்னில்தான்.

எழுதும்போது கை நடுங்கியது
என்று எழுதினேன்.
நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.

முப்பிடாதி என்று ஒருத்தி.
ஐப்பசி, அடைமழை.
ஆயிரம் பீடி கொண்டுவந்தாள்,
இரண்டு கட்டு ஈரம் என்று கழித்தேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
சொளவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மழையில் இறங்கிப் போனாள்.

வாசித்து முடித்தேன்.
கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம்.
மழையில் போகிற அந்த இடம்
எனக்கே பிடித்திருந்தது.

"அன்னைக்கு மழை இல்ல அண்ணாச்சி."

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எழுதுகிற பிரம்மசக்தி.
இரண்டு மாதமாக என் எதிர் நாற்காலி.

"சித்திரை மாசம். தார் ரோட்டுல செருப்பு ஒட்டுச்சு.
எனக்கு ஒம்பது வயசு, அம்மா கூட வந்திருந்தேன்.
சிட்டையில நீங்க ஈரம்னு எழுதுனீங்க.
அதான் உங்களுக்கு மழை பெஞ்சிருக்கு."

ஆவுடையப்பன் ஆறிய டீயைக் குடித்தார்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"வந்த முதல் நாளே தெரியும்" என்றாள்,
"நீங்க ஆத்தப் பத்தி வாசிச்சப்பவே."

வீட்டுக்கு வந்து மழையை அடித்தேன்.
ஐப்பசியை அடித்தேன். அடைமழையை அடித்தேன்.
சொளவு மட்டும் நின்றது.
வெயிலுக்கும் அதைக் கவிழ்த்துக்கொள்ளலாம்.
கவிழ்த்துக்கொண்டாளா, தெரியாது.
தெரியாது என்று எழுதி வைத்தேன்.
அந்தப் பக்கத்தில் இப்போது
எழுத்தைவிடக் கோடு அதிகம்.

போன சனிக்கிழமை பிரம்மசக்தி வாசித்தாள்,
அவள் அம்மாவின் விரல்களைப் பற்றி.
நடுவில் ஓர் இடத்தில்,
சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்த
ஒருத்தர் வந்து போனார்.

படியிறங்கும்போது கேட்டேன்:
"பேரைப் போடலாமே தாயி."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"போட்டுத்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி.
வாசிக்கையில விட்டுட்டேன்."