பாதையில் போன அட்டை

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
பாதை இன்னும் அந்தக் கரையில்.
மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரு மாவு மூட்டைக்கும் நடுவே
நானும் கைப்பையும்; பைக்குள் ஒரு புது அட்டை.
பழையது கொழும்பிலிருந்து
ஒற்றை வரியாகத் திரும்பியிருக்கிறது:
மாதிரி போதாது. மீண்டும் எடுக்கவும்.

எடுத்தவள் நான்.

அன்றைக்கு வார்டில் ஒன்பது பிரசவம்.
குதிகாலை இளஞ்சூட்டுத் துணியால் சுற்றிப்
பொறுத்திருக்கச் சொல்லித் தந்தார்கள்,
மட்டக்களப்பில், இரண்டு நாள் பயிற்சியில்,
குளிரூட்டிய மண்டபத்தில், சோற்றுப் பொதியோடு.
பிழியாதே, துளி தானாக விழட்டும்,
வட்டம் நிரம்பிப் பின்பக்கமும் ஊறட்டும்.
எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது.
நான் பிழிந்தேன்.
வியர்வையில் கலைந்த பொட்டுப்போல
ஒரு கறை விழுந்தது.
போதும் என்று நினைத்தேன்.

அவனுக்கு அட்டையில் பெயர் இல்லை.
'நிரோதினியின் குழந்தை' – என் கையெழுத்து.
தொலைபேசி தகப்பனுடையது. ஐந்து தரம் எடுத்தேன்,
ஐந்து தரமும் அதே பெண்குரல், தொடர்பில் இல்லை என்று.
அந்தப் பகுதி மிட்வைஃப் தானே பிரசவ லீவில்.

மண்டூரில் இறங்கி, கோயில் தாண்டி,
வேலிக்கு நெட் அடித்த மூன்றாவது வளவு.

"வாங்க மிஸ். நல்ல பிள்ள, ராவில சத்தமே இல்ல.
எழுப்பித்தான் பால் குடுக்கிற.
எங்கட சாதுவான்" என்றாள் மச்சாள் பூமலர்.
சுற்றிவரச் சிரிப்பு.
பன்னிரண்டு நாளாகியும்
கண்வெள்ளையில் மஞ்சள் இறங்கவில்லை.
நான் மட்டும் சிரிக்கவில்லை.
அழாத பிள்ளையைப் புகழும் வீட்டில் என்ன சொல்வதென்று
கொப்பியின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ஒருக்காக் குத்தினது காணாதா?
மறுகா என்னத்துக்கு?
எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல."

கழுத்தில் ஒரு சுரப்பி என்று தொடங்கினேன்.
ஹோர்மோன் என்றேன். மூளை வளர்ச்சி என்றேன்.
வந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு சிறு குளிசை,
பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து, அவ்வளவுதான் என்றேன்.
பிந்தினால்தான் –
சொல் நின்றது.
நிரோதினி பிள்ளையை மார்போடு இறுக்கினாள்.

தகப்பன் அதுவரை மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தவன்.
"தண்ணி பிந்தித் திறந்த வயல் மாதிரியோ மிஸ்?
பாக்கப் பச்சையாத்தான் நிக்கும்."
ஓம் என்றேன்.
"பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும்..."
அவன் முடிக்கவில்லை.

அப்போதும் அவள் கையை விடவில்லை.
என்னையே பார்த்தாள். கேள்வி அதிலேயே இருந்தது.
"பிழை பிள்ளையில் இல்லை, தங்கச்சி.
நான் அவசரப்பட்டேன். எடுத்தது சரியில்லை."
பதினாறு வருட வேலையில்
ஒரு வீட்டுக்குள் இருந்து இதைச் சொன்னதில்லை.

காலை நீட்டித் தந்தாள்.
இல்லை, அவளே இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி
குதிகால் சிவக்கும்வரை வைத்திருந்தாள்.
நான் காத்திருந்தேன்.
முதல் துளியைத் துடைத்தேன்.
இரண்டாவது தானாகத் திரண்டு
வட்டத்தின் நடுவில் விழுந்து, ஓரம்வரை போனது.

அவன் அழுதான்.
நேரம் கழித்து, கரகரத்து,
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.
"இவனுக்கு இப்படியொரு குரலா?" என்று பூமலர்
வாசலில் நின்று கேட்டாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அட்டை காயவேண்டும். வெயில் படாமல்,
ஒன்றும் மேலே வைக்காமல், மூன்று மணித்தியாலம்.
பிளேன்டீ வந்தது. பிறகு சோறு, கணவாய்க் கறி.
தகப்பன் மேசைக்குப் பக்கத்தில் நின்று
கோழிகளை விரட்டிக்கொண்டேயிருந்தான்.

திரும்பும்போது பாதையில் கூட்டம்.
பையை நெஞ்சோடு பிடித்திருந்தேன்.
வாவி அசைந்தது, எஞ்சின் இருமியது.
முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது.
தொலைபேசி என்ற கட்டத்தில் மட்டும்
தகப்பனின் எண்ணுக்குக் கீழே, இடம் இல்லாத இடத்தில்,
என்னுடையதையும் எழுதியிருக்கிறேன்.