குதிருக்குள் இல்லை

முப்பத்துமூன்று வருஷம் கழித்து
திருத்துறைப்பூண்டியில் அதே நாடகம்.
கல்யாண மண்டபம். ஐப்பசி மழை.
குதிர் எங்கும் கிடைக்கவில்லை.
கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் தலையை அறுத்து
செம்மண் நிறம் அடித்திருந்தார்கள்.
உள்ளே ஒரு பிளாஸ்டிக் முக்காலி:
பக்கிரிசாமிக்கு இப்போது முட்டி மடங்காது.

ஜெகபர் அலிதான் கடன்காரன், அன்றும் இன்றும்.
அன்று மீசை ஒட்டினான்.
இன்று சொந்த மீசைக்கு மை போட்டிருந்தான்.
"வட்டி ஏறியிருக்குமே" என்றேன்.
"வயசுதான் ஏறியிருக்கு, அமலோற்பவம்."

தியாகேசன் படத்தில் இருந்தான்.
மேடை ஓரத்து நாற்காலியில், சீரியல் பல்பு சுற்றி,
சிவப்பு, பச்சை, சிவப்பு என்று
முகம் மாறிக்கொண்டிருந்தது.
டிக்கெட் கணக்கு அவன் கையில்தான் இருந்தது.
காரைக்கால் ஆட்டத்தோடு மன்றம் கலைந்ததற்கு
அவன் கைதான் காரணம் என்றார்கள்.
நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

என் பங்கு சின்னது.
கதவைத் திறக்க வேண்டும்.
"அவரு வீட்ல இல்லீங்க" என்று சொல்ல வேண்டும்.
ஒரு மூச்சு விட வேண்டும்.
குதிருக்குள்ளிருந்து பக்கிரிசாமி தும்முவார்,
கொட்டகை இடியும்.
இருநூற்றுப் பதினான்கு ஆட்டம்.
என் வரிக்கு ஒருவர்கூடச் சிரித்ததில்லை.
வாணம் மேலே போகும்போது
தீக்குச்சியை யார் பார்க்கிறார்கள்.

திறந்தேன்.
கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு
பாதி மனசோடு வந்து உட்கார்ந்திருந்த முன்வரிசை.
"அவரு வீட்ல இல்லீங்க."
மூச்சு விட்டேன்.
தும்மல் இல்லை.
இன்னொரு மூச்சு.
ஜெகபர் மீசையைத் தடவினான், மை விரலோடு வந்தது.
தொட்டியைத் தட்டினேன், ஏதாவது ஆகிவிட்டதா என்று.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
தொட்டிக்குள் காது மெஷின் கூவுகிறது என்று
கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்.
"இருந்தாலும் கேக்காதுங்க" என்றேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினேன்.
"காது இங்கல்ல இருக்கு."

முதலில் பின்வரிசையில் ஒரு போலீஸ்காரர்.
பிறகு மண்டபம்.
அடுத்தவர் மேல் விழுகிற சிரிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்,
நனைந்ததில்லை.
கடைமடைக்குத் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது:
தாமதமாய், நுரையும் குப்பையுமாய்,
வந்தே விட்டது.
அதன் அதிர்வு தொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.
தன் முறை என்று நினைத்து அவர் தும்மினார்.
யாரும் கவனிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் பிரியாணிப் பொட்டலம் பிரித்தோம்.
மெஷினைக் காதில் செருகிக்கொண்டு,
"என் தும்மலைத் தின்னுட்டியே" என்றார்.
"முப்பத்துமூணு வருஷப் பாக்கி."
எலும்பை ஓரமாக வைத்தார்.
"பாக்கி ஏது? காரைக்கால்லயே எடுத்துக்கிட்டியே."

குரல் உயரவில்லை.
"ஆட்டம் முடிஞ்ச அலுப்புல உள்ளயே சாஞ்சிருந்தேன்.
தகரப் பெட்டி சத்தம். உன் வளையல் சத்தம்.
அப்ப எனக்குக் காது நல்லாக் கேட்டுச்சு."

எட்டு மாதச் சம்பளம் தராத மனுஷன்.
நான் அதைச் சொல்லவில்லை.
தியாகேசன் சட்டைப்பையை ஆளாளுக்கு உதறியபோது
ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கவும் இல்லை.
அவரிடம் கேட்டால் என்னிடமும் கேட்க வேண்டும்.

மண்டபத்துப் பையன் படத்தோடு வந்து நின்றான்.
பல்பு கழற்றியாகிவிட்டது.
தியாகேசன் ஒரே நிறத்தில் இருந்தான்.
"அவர் பொண்ணு கீழ ஆட்டோவுல காத்திருக்காங்க."
"நீ போய்க் குடு" என்றார்.
"நீங்க குடுங்க" என்றேன்.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மீசை கழுவப் போயிருந்த ஜெகபர்
ஒன்றும் தெரியாமல்
பழைய கடன்காரக் குரலில் கதவைத் தட்டினான்.
"வீட்ல யாரு?"

இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.