ஏழு வினாடி

போரா பஜாரில் எண்ணூறு சொல்லி
அறுநூற்றைம்பதுக்கு இறங்கிய பழைய ஃப்ளாஷ்.
பேட்டரி மூடி கிடையாது.
ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.

முதல் பாடம் முட்டையில்.
கறுப்புப் பேன்ட்டை விரித்து நடுவில் ஒற்றை முட்டை.
நேரே அடித்தால் அது முட்டையே இல்லை,
காகிதத்தில் வெட்டிய வட்டம்.
பக்கத்திலிருந்து அடித்தால்
ஒரு பாதி பகல், ஒரு பாதி ராத்திரி,
எங்கே விடிகிறது என்று விரல் வைக்க முடியாத
சாம்பல் விளிம்பு ஒன்று இடையில்.
அதைத்தான் கற்க வேண்டுமாம்.
பதினொரு மணிக்கு வெங்காயம் நறுக்கி
ஆம்லெட் போட்டுவிட்டோம்.

அடுத்தது கணக்கு.
விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால்
வெளிச்சம் கால்வாசி.
ஆண்டாப் ஹில்லில் பத்துக்குப் பத்து அறை,
மூன்று பேர், ஒரு பீரோ.
தள்ளித்தான் பார்த்தேன்.
முதுகில் கேஸ் சிலிண்டர் இடித்தது.

சுவரில் அடித்துத் திருப்பினால் மெதுவாக வரும் என்றார்கள்.
எங்கள் சுவர் பச்சை.
வீட்டுக்காரரின் மச்சான்
ஆஸ்பத்திரி காண்ட்ராக்டில் மிச்சம் பிடித்த பச்சை.
சூசைமாணிக்கம் படத்தைப் பார்த்துவிட்டு,
'பாம்பு கடிச்சு ஒரு மணி நேரம் ஆனவன் மாதிரி இருக்கேன்' என்றான்.

அவனுக்குத்தான் படம். மஸ்கட் வேலை.
ஸ்டேஷன் எதிர் ஸ்டூடியோவில் எடுத்தது எட்டு காப்பி,
எட்டிலும் அவன் ஜாடையில் யாரோ,
கோதுமை நிறத்தில்.
ஏஜென்ட் படத்தையும் இவனையும் மாறி மாறிப் பார்த்து
'ஆள் வரலையா?' என்றானாம்.
சொல்லிச் சிரித்தான்.
சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம்
பல் தெரிந்துகொண்டிருந்தது.

என் கேமராவும் லேசுப்பட்டதில்லை.
அவன் முகத்தைப் பார்த்தால்
பொழுது சாய்ந்துவிட்டதாக நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது,
சட்டையைப் பார்த்தால் பதறிப்போய்க் குறைக்கிறது.
ஆட்டோவை அணைத்து எண்களை நானே திருகினேன்.
பின்னால் ஒட்டிய சார்ட் பேப்பரில்
இன்னொரு சூசை விழுந்தான், காது மட்டும் பெரிதாக.

கொடியில் ரயில்வே படுக்கை விரிப்பு காய்ந்தது.
அது எப்படி வந்தது என்று இந்த அறையில் யாரும் கேட்பதில்லை.
அதற்குப் பின்னால், கவிழ்த்த வாளிமேல் ஏறி
ஃப்ளாஷைப் பிடித்தான் தமீம்.
'இன்னும் மேலே. இடது.
உன் இடது இல்லை, அவன் இடது.'

பளீர்.

பருத் தழும்பு. மேலுதட்டில் சைக்கிள் விழுந்த கோடு.
கறுப்புக்குள் எங்கோ ஒரு செம்பு.
இரண்டு வருஷம் பக்கத்துப் பாயில் படுக்கிறேன்,
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கண்ணை மூடியிருந்தான்.

மறுபடி.
நிரம்ப ஏழு வினாடி எடுக்கும் இந்தக் கிழட்டு ஃப்ளாஷ்.
கொசுவைப் போல ஒரு ரீங்காரம் ஏறி ஏறி
முடிவில் சிவப்புப் புள்ளி.
அந்த ஏழு வினாடிக்கு
அவன் ஏஜென்டுக்காக உட்கார்ந்திருப்பதில்லை.
தோள் இறங்குகிறது.
எதிர் வீட்டு மிக்ஸியைக் கேட்கிறான்.
தாடையைச் சொறிந்துகொண்டு எதையோ கணக்குப் போடுகிறான்.
புள்ளி எரிந்ததும் விறைத்துவிடுகிறான்.

பேட்டரி இறங்க இறங்க
ஏழு ஒன்பதாகிறது. பதின்மூன்றாகிறது.
கை கடுக்கிறது என்கிறான் தமீம்.
கீழே கடை இன்னும் சாத்தவில்லை,
நான்கு பேட்டரி வாங்கி வந்தால் முடிந்துவிடும்.

நான் எழுந்திருக்கவில்லை.