நானூற்றைந்து மில்லிமீட்டர்

குஹ்மோவில் மார்ச் முடியும்வரை
கூரைக்குப் பனிதான் குடித்தனக்காரன்.
சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ.
வாடகை தரமாட்டான், சொல்லிக்கொண்டு போகவும் மாட்டான்.
அவன் எடையைச் சுவர் சுவராகப் பிரித்துக் கொடுப்பது
என் பிழைப்பு.

ஆவ்லிஸ் பீராய்னென் அக்டோபரில் வந்தார்
ஈரக் கையுறையோடு,
மளிகை ரசீதின் முதுகில் வரைந்த வீட்டோடு.
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ளதை
எடுத்துவிட வேண்டும் என்றார்.
"சும்மா நிற்கிற சுவர்தானே?"

சும்மா நிற்கிற சுவர் ஒன்று தங்கள் வீட்டில் இருப்பதாக
எல்லோருமே நம்புகிறார்கள்.
பரணில் ஏறி விளக்கடித்துப் பார்த்தேன்.
பாதிக் கூரை அதன் தோளில்தான் உட்கார்ந்திருந்தது.

திறப்பு நான்கு மீட்டர் எண்பது.
நடுவில் ஒரு தூண் போட்டால் பேச்சே இல்லை,
நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்று.
"தூண் கூடாது."
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
காகிதத்தைக் கேட்டேன், அது
நூற்றுப் பதினைந்துக்கு நானூற்றைந்து என்றது:
ஒட்டி அழுத்திய ஸ்ப்ரூஸ் உத்தரம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கூரைப்பலகை தரையிலிருந்து இரண்டு மீட்டர் முப்பத்தைந்து.
உத்தரத்தைக் கழித்தால் மிச்சம்
ஒன்று தொண்ணூற்று நாலரை.
ஆவ்லிஸ் ஒன்று தொண்ணூற்றேழு.

"அதையே படுக்க வைத்தால்?"
மரத்துக்கு மனிதர் வழக்கம் இல்லை ஐயா,
படுத்தால் விறைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கும் தேறாது.
"அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்தால்?"
அகலம் இரட்டித்தால் பலன் இரட்டிப்பு.
உயரம் இரட்டித்தால் எட்டு மடங்கு.
குறைத்தாலும் அதே கந்துவட்டி.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
தலைக்கு மேல் இருப்பது பனி என்றால்
மயிரிழைக்கும் கணக்குண்டு.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஹில்க்கா வந்தாள்.
வலக்கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது,
இடக்கையால் அதைப் பிடித்திருந்தாள்
சந்தையில் குழந்தையைப் பிடிப்பதுபோல.
காயானி மருத்துவமனையில் மருந்தோடு
மேசைப்பந்தும் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.
மேசை இரண்டு மீட்டர் எழுபத்து நான்கு,
பின்னால் ஓட இரு பக்கமும் இடம்.
தூண் வந்தால் வலைக்கு நேராக வரும்.

"உத்தரத்தை வைத்துவிடுங்கள்," என்றார் ஆவ்லிஸ்.
"குனிந்துகொள்கிறேன்."

வைத்தோம். முட்டுக்கொடுத்து, சுவரை அறுத்து,
ஆறு பேர், இரண்டு ஜாக்கி, ஒரு சனிக்கிழமை.
மனு எழுதியதுபோல
கடைசி முட்டு தானாகத் தளர்ந்து விழுந்தது.

பனி முழுதும் குந்தியிருந்த ஒரு நாளில் திரும்பப் போனேன்,
நூல் கட்டி அளந்தேன்.
கணக்கு ஒன்பதரை மில்லி தொய்வு என்றது,
மரம் ஏழு என்றது.
மீதி இரண்டரையை நான் விசாரிக்கவில்லை.

உத்தரத்தின் அடிவிளிம்பில் ஓரிடத்தில் மட்டும்
சாம்பல் நிறக் கம்பளித்துணி ஒட்டியிருந்தது.
நெற்றி உயரம்.
"இதுவரை பதினோரு தடவை," என்றாள் ஹில்க்கா,
"உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை."

மட்டையை எடுத்தாள்.
பந்து மேசையைத் தொட்டதும் கை நின்றது,
நின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது.
டொக், டொக்.
எதிர்ப்புறம் ஆவ்லிஸ்
ஏற்கனவே குனிந்தபடி தயாராக.

பந்தின் எடை மூன்று கிராமுக்கும் கீழே.
அதைப் பாரக் கணக்கில் சேர்க்கவில்லை.