மான் இரண்டு

அபிசா சித்திரக் கொப்பியில்
இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு குளம் கீறியிருந்தாள்.
மலைக்குப் பின்னால் பாதிச் சூரியன்.
"இதுக்குத்தானே போறம்?"
ஓம் என்று சொல்லிவிட்டேன்.
விடிய ஐந்து மணி, புட்டு அவிந்துகொண்டிருந்தது.

தவேந்திரனின் பட்டா வாகனம்,
கிழமை நாளில் சீமெந்தும் கோழித்தீனும் ஏற்றுவது.
பின்பெட்டியில் பாய் விரித்தோம்.
நாலு தூண்டில், ஒரு சட்டி, சரையில் மிளகாய்த்தூள்,
யோகட் கோப்பைக்குள் மண்ணும் மண்புழுவும்.
அந்தக் கோப்பையை யார் பிடிப்பது என்று
முறிகண்டி வரை சண்டை.
அங்கே கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக் கொடுத்து
பிள்ளையாரும் நானுமாகத் தீர்த்துவைத்தோம்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பியதும்
எண்ணத் தொடங்கினார்கள்.
பதினொன்றுக்குப் பிறகு மயில் கணக்கில் இல்லை என்று
கீர்த்திகன் சட்டம் போட்டான்.
உடும்பொன்று றோட்டைக் கடந்தது,
கச்சேரிக்குப் பிந்திப்போகிற கிளாக்கர் நடையில்.
கீரி. இல்லை, கீரியின் வால் மட்டும்.
மாடுகளைச் சேர்க்கலாமா என்ற வழக்கு
தள்ளுபடியானது.

பிறகு அந்த மான்.

சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால்,
வெளிறிப்போன நாடாவுக்கும் அப்பால்,
முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்றது.
தவேந்திரன் எஞ்சினை நிற்பாட்டினான்.
"அம்மா, மானுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

மான் முன்காலைத் தூக்கியது.
தூக்கிய காலோடு
எங்களையே பார்த்தது.

நேசராசா என் மணிக்கட்டைப் பிடித்தார்.
நாலு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில்
முழந்தாளில் நின்று சம்பளம் எடுத்தவர்.
ஒரு சாண் நிலத்துக்கு அரை மணித்தியாலம்.
கிளறின மண்ணைக் கையால் தடவுகிறவர்
வீட்டில் எங்கள் பூச்சாடியைக்கூட
அப்படித்தான் தடவுவார்.

கால் இறங்கியது.
புல் அசைந்தது. அவ்வளவுதான்.
மான் நடந்து போனது.
பின்னால் அதன் குட்டி,
தாய் மிதித்த இடத்தில் மிதிக்காமல்
கண்டபாட்டுக்குத் துள்ளித் துள்ளி.
மணிக்கட்டு விடுபட
இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.
"மான் இரண்டு" என்று எழுதினாள் அபிசா.

முத்தையன்கட்டில் இறங்கியதும் முதல் கேள்வி:
"மலை எங்க?"
தவேந்திரன் குளக்கட்டைக் காட்டினான்.
"இதுதான். வன்னியில இதுக்கு மேல ஏத்தம் இல்லை."
கீர்த்திகன் உச்சியிலிருந்து உருண்டு
முழங்கையை உரசிக்கொண்டு எழும்பி
மலைதான் என்று ஒப்புக்கொண்டான்.

மருதமர நிழலில் தூண்டில் போட்டோம்.
யப்பான் மீன் ஐந்து, உள்ளங்கை அகலம்.
பட்ட மரக்குற்றி ஒன்று மிதந்துவந்து
கண் திறந்தபோது
பிள்ளைகளைக் கட்டில் இன்னும் மேலே ஏற்றினேன்.
நேசராசாவின் தூண்டிலில் ஒரு விரால்.
நூலை விட்டார், இழுத்தார், விட்டார்.
அவசரப்படாத மனிசன்
அன்றைக்கு ஒருதரம் அவசரப்பட்டார்.
அறுந்த நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
சிரித்தார், பல் முழுவதும் தெரிய.

திரும்பும்போது மைம்மல்.
ஒட்டுசுட்டான் றோட்டில், நட்டநடுவில், யானை.
லைற்றை நூத்துவிட்டோம்.
கோன் அடிக்கவில்லை.
சட்டியில் மிச்சமிருந்த குழம்பின் வாசம்,
காட்டுக்குள் பாலைக்கொப்பு முறிகிற சத்தம்,
யாரோ ஒருவரின் விக்கல்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
அது போனதை நாங்கள் காணவில்லை;
றோட்டுத்தான் திரும்பவும் தெரிந்தது.

காலையில் கொப்பியைப் பார்த்தேன்.
இருட்டுக்குள் எழுதின "யானை ஒன்று"
கோடு தவறி, பக்கம் தவறி,
இரண்டு மலைகளின் மேலும் ஏறிக் கிடந்தது.
அழித்துத் தரவா என்று கேட்டேன்.

வேண்டாமாம்.