நூற்றுப் பதினேழாம் தாள்

கெங்கேரி ஆலையில்
மரத்தை முதலில் வேக வைப்பார்கள்.
மூன்று நாள் வெந்நீரில் கிடந்து
மனம் இளகிய பிறகுதான் கத்தி.

தாளுக்கு அரை மில்லிமீட்டர்.
என் ரேஷன் கார்டு இதைவிடத் தடிமன்.

சீவிய வரிசை கலையாமல்
சாக்பீஸால் எண் போடுவது என் வேலை.
ஒன்பதில் கடுகளவு கணு,
நாற்பதில் மிளகு,
நூற்றுப் பதினேழில் கண்.
நூற்றெண்பதில் ஒன்றும் இல்லை;
அங்கே கிளை முறிந்து
மரம் அதை மூடிக்கொண்டுவிட்டது.

நூற்றுப் பதினாறையும் பதினேழையும்
புத்தகம் போல விரித்து
ஒயிட்ஃபீல்டு அலமாரிக்கு ஒட்டினார் பன்வர்லால்.
வீட்டுக்கார அம்மா விரல் முட்டியால் தட்டினாள்:
"முழுத் தேக்கா?"
"மேலே மட்டும் தேக்கு, மேடம்."
அதற்குக்கூட ஒப்புக்கொண்டாள்.
ஆனால் ராத்திரி லைட்டை அணைத்தால்
இரண்டு கண்ணும் கட்டிலையே பார்க்கிறதாம்.

கதவுகள் திரும்பி வந்தன.
முதலாளி வீணாக்குவாரா?
எங்கள் லேடீஸ் டாய்லெட்டுக்கு இப்போது
கோரமங்களாவிலும் இல்லாத இரட்டைக் கதவு.

தாழ்ப்பாள் போட்டு நிமிர்ந்தால்
இந்தப் பக்கம் வெறும் ப்ளைவுட்,
பென்சிலில் பன்வர்லால் போட்ட கணக்கு.
அதில் ஒரு கூட்டல் தப்பு.