மூன்றாம் பாட்டில் ஓர் இருமல்

‘நாலாம் ஜாமம்’ ஒலிநாடாவில்
முதல் பக்கம், மூன்றாவது பாட்டு,
இரண்டாம் சரணத்துக்குச் சற்று முன்
ஒருவன் இருமுவான்.
அவன் நான்.

எண்பத்தொன்பது, நவம்பர், விடாத மழை.
ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
விசிறியை நிறுத்தச் சொன்னான் ஏசுவடியான்,
அதன் முனகல் மைக்கில் விழுகிறதாம்.
வேர்வையில் நனைந்தபடி பாடினோம்.
பேஸ் கித்தார் ஓங் கெங் ஹுவாட்.
தமிழில் ஒரு சொல் தெரியாது,
எந்தச் சொல்லில் மூச்சு விடவேண்டும் என்பது மட்டும்
எங்களைவிட நன்றாகத் தெரியும்.
ஹெப்சிபா, கணக்கு டீச்சர்,
கண்ணை மூடாமல் பாடுவாள்,
தரவேண்டிய பாக்கியைக் கேட்க வந்தவள்போல்
கடவுளை நேராகப் பார்த்து.
எனக்கு டம்பரின்.
வேறெதையும் நம்பிக் கையில் தரவில்லை.

மணி இரண்டு. நாடா தீரப்போகிறது.
இன்னொன்று வாங்கக் காசில்லை.
இருமினேன்.

யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.
ஹெப்சிபா ஒரு நொடி நின்றாள்,
அந்த நிற்றலையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு
அடுத்த அடியை எடுத்தாள்.

ஐந்நூறு பிரதி. ஏழு வெள்ளி ஐம்பது காசு.
“இது கோயிலா டிஸ்கோவா?” என்றார் ஒரு மூப்பர்.
அவர் மகன் மூன்று வாங்கினான்.

ஏசுவடியான் பெர்த்துக்குப் போனான்.
ஓங் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் படம் அனுப்புகிறான்.
ஹெப்சிபா துணைத் தலைமையாசிரியை,
பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.
என் விசுவாசம்
எம்ஆர்டியில் விட்டுவந்த குடை.
எந்த நிலையத்தில் என்று தெரியாது,
கேட்டுப் பெறவும் போகவில்லை.
ஞாயிறு காலையில் துணி துவைக்கிறேன்.

ஆனாலும் அந்த நாடாவை
மூன்று வீடு மாறியும் தூக்கி வந்திருக்கிறேன்.
நம்பாத ஒருவனுக்கு அதில் என்ன வேலை என்று
மனைவி கேட்டாள்.
துணிக் கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் யாரோ அதைத் தூசி தட்டி,
இரைச்சல் களைந்து, கைப்பேசிக்குக் கொண்டுவந்தார்கள்.
பீஷானில் ஏறி, காதில் மாட்டி, காத்திருந்தேன்.
மூன்றாவது பாட்டு. அந்த இடம்.
இருமல் இல்லை.
இஸ்திரி போட்டதுபோல் மௌனம்.
ஹெப்சிபா மட்டும்
யாருக்காகவோ ஒரு நொடி நிற்கிறாள்.

பிறகு இந்த மார்ச், ஒரு செவ்வாய்.
உட்லண்ட்சில் எங்கள் புளோக்குக்குப் பெயிண்ட் அடிக்கும் முறை.
பதினான்காம் மாடி, என் வாயிற்கம்பி,
அதன்முன் குந்தியிருந்த பையன் முணுமுணுக்கிறான்.
முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது.
பல்லவி. முதல் சரணம். மறுபடி பல்லவி.
அப்புறம் தூரிகையை நிறுத்தி
சின்னதாக, வறட்சியாக
இருமினான். தொடர்ந்தான்.

“தம்பி, தொண்டை சரியில்லையா?”
“இல்லண்ணே, பாட்டே அப்படித்தான்.
எங்க நாசரேத்துக் கொயர்ல
அந்த எடத்துல நாப்பது பேரும் இருமுவோம்.
ஒருநாள் புதுசா வந்தவன் இருமல,
பாட்டே தடுக்கி விழுந்திருச்சு.”
“ஏன் இருமணும்?”
“சிங்கப்பூர்ல பாடின ஒரு பிரதர்
அபிஷேகத்துல தொண்டை அடைச்சு இருமினாராம்.
பாஸ்டர் சொல்லுவாரு.”

அது கறிபாப்.
உருளைக்கிழங்கின் துணுக்கு, வெதுவெதுப்பாக,
தேக்கா முனையில் அறுபது காசு.

சொல்ல வாய் திறந்தேன்.
“மைலோ குடிக்கிறியா” என்று வந்தது.

பெயர் செல்வின். இருபத்துமூன்று வயது.
நாங்கள் அதைப் பதிந்தபோது
அவன் அம்மாவே பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.
பிரதியின் பிரதியின் பிரதி,
ஹெப்சிபாவின் குரல் அதில் பாதி கரைந்திருக்கும்,
ஓங்கின் கித்தார் வெறும் அதிர்வாகியிருக்கும்,
என் இருமல் மட்டும்
வரிசை தவறாமல்
நாற்பது தொண்டைகளில்.

குடித்த குவளையைக் கழுவித் தந்தான்.
‘ஈரப் பெயிண்ட், தொடாதீர்’ அட்டையை மாட்டிவிட்டு
பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தான்.
இரண்டாம் சரணமும் அவனோடு போயிற்று.

தொட்டுப் பார்த்தேன்.